35-ம் 246-ம் ஒன்றாகும் கணக்கு

நியூயார்க் நகரத்தை ஒட்டி நாசோ என்றொரு மாவட்டம் இருக்கிறது. 1960-களில் அதன் நிர்வாக அவையில் ஆறு உறுப்பினர்கள். ஊர்களின் மக்கள்தொகையைப் பார்த்து அவர்களுக்கு 9, 9, 7, 3, 1, 1 என்று வாக்குகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். மொத்தம் 30, எந்தத் தீர்மானம் நிறைவேறவும் 16 வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஜான் பான்ஸாஃப் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1965-ல் இந்த ஏற்பாட்டைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். முதல் மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் 16 வந்துவிடுகிறது. மூவரில் ஒருவர் மட்டும் கடைசி மூவரையும் சேர்த்துக்கொண்டால் 14-க்கு மேல் போவதில்லை. அப்படியென்றால் 3 வாக்கு வைத்திருப்பவரும், ஆளுக்கு ஒன்று வைத்திருக்கும் இருவரும் எந்தப் பக்கம் கை தூக்கினாலும் ஒன்றும் மாறப்போவதில்லை. 7 வாக்குக்காரருக்கோ 9 வாக்குக்காரருடைய அதே பலம்.

ஓர் அவையில் யாருக்கு எவ்வளவு பலம் என்பது கையிலிருக்கும் எண்ணிக்கையில் இல்லை. நீங்கள் விலகினால் வெற்றி தோல்வியாக மாறுமா என்பதில்தான் இருக்கிறது. சாத்தியமான எல்லாச் சேர்க்கைகளையும் எழுதி, ஒவ்வொருவரும் எத்தனை சேர்க்கைகளில் இப்படி ‘இல்லாவிட்டால் கவிழும்’ ஆளாக இருக்கிறார் என்று எண்ணினால் கிடைப்பதுதான் பான்ஸாஃப் குறியீடு. லயனல் பென்ரோஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1946-லேயே கிட்டத்தட்ட இதே கணக்கைப் போட்டிருந்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு இத்தாலிக்குப் போவோம். மைய-இடதுசாரிக் கூட்டணி ஒன்று எப்படி எழும், எப்படி உடையும் என்பதற்கு ‘ஒலிவ மரம்’ என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தக் கூட்டணியைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அது ஒரு முறை அல்ல, இரண்டு முறை எழுந்து இரண்டு முறையும் உடைந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு இத்தாலியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஆண்டது. கம்யூனிஸ்ட் கட்சி எதிரே உட்கார்ந்திருந்தது. 1991-ல் கம்யூனிஸ்ட் கட்சி தன்னைக் கலைத்துக்கொண்டு மிதமான இடதுசாரிக் கட்சியாக மாறியது. அதற்கு உடன்படாதவர்கள் ‘ரிஃபொந்தாட்சியோனே’ என்ற பெயரில் தனியாகக் கம்யூனிஸ்ட் கட்சி நடத்தினார்கள். அடுத்த ஆண்டு மிலான் நகரத்தில் தொடங்கிய லஞ்ச வழக்குகள் கிறிஸ்தவ ஜனநாயகத்தையே தின்று தீர்த்தன. 1993-ல் தேர்தல் சட்டமும் மாறியது: கீழவையின் 630 இடங்களில் 475 இடங்கள், அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற ஒற்றைத் தொகுதி முறையிலும், மீதி 155 இடங்கள் விகிதாசார முறையிலும் நிரப்பப்படும்.

கூட்டணியைப் பிறப்பித்தது இந்தச் சட்டம்தான். 1994 தேர்தலில் விகிதாசாரப் பட்டியலில் இடதுசாரிகள் 34 விழுக்காடு வாங்கினார்கள்; தனித்து நின்ற மையக் கட்சிகள் ஏறத்தாழ 16. இரண்டையும் கூட்டினால் பாதி நாடு. ஆனால் 43 விழுக்காட்டைச் சேர்த்து வைத்திருந்த வலதுசாரி அணித் தலைவர் பெர்லுஸ்கோனி ஆட்சியைப் பிடித்தார். அரை நூற்றாண்டுப் பகையைக் கைவிட இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை. முன்னாள் கம்யூனிஸ்டுகளும், இடது பக்கம் சாய்ந்த கத்தோலிக்கர்களும், பசுமைக் கட்சியும் 1995-ல் ஒரே மேடையில் ஏறினார்கள். தலைவராக வந்தவர் ரொமானோ புரோடி, பொலோஞாவின் பொருளாதாரப் பேராசிரியர். அவருக்கென்று பெரிய கட்சி எதுவும் கிடையாது. அதனால்தான் அவர்மேல் யாருக்கும் பயமில்லை, எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் அவர் கவிழ்ந்தபோது தாங்கிப் பிடிக்கச் சொந்தப் படை இல்லாமல் போனதும் அதே காரணத்தால்தான்.

ரிஃபொந்தாட்சியோனே கூட்டணிக்குள் வரவில்லை. வாக்குகள் பிரியாமலிருக்க ஒருவருக்கொருவர் தொகுதிகளை விட்டுக்கொடுப்பது என்ற உடன்பாடு மட்டும் செய்துகொண்டது. 1996 ஏப்ரல் 21-ல் தேர்தல். இந்த முறை உடைந்து நின்றது வலதுசாரி அணி. பெர்லுஸ்கோனியின் பழைய கூட்டாளியான வடக்கு லீக் தனியாகப் போட்டியிட்டு 10 விழுக்காடு வாங்கியது. பெர்லுஸ்கோனி அணியையும் லீகையும் கூட்டினால் 52 விழுக்காடு. ஒலிவ மரத்தையும் ரிஃபொந்தாட்சியோனேயையும் கூட்டினால் 43-தான். ஆனாலும் ஒலிவ மரம் வென்றது. 1994-ல் நடந்ததைக் கண்ணாடியில் காட்டியது போல.

தேர்தல் வரைக்கும் கூட்டணி என்பது கூட்டல் கணக்கு. வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம்; ஆயிரம் வாக்கு கொண்டுவருபவருக்கும் மதிப்புண்டு. முடிவு வந்த மறுநாளே அது கழித்தல் கணக்காகிவிடுகிறது. யாரை எடுத்தால் ஆட்சி நிற்காது என்பதே இனிக் கேள்வி.

கீழவையில் ஒலிவ மரத்துக்குச் சுமார் 285 இடங்கள். பெர்லுஸ்கோனி அணிக்கு 246, லீகுக்கு 59, ரிஃபொந்தாட்சியோனேக்கு 35. பெரும்பான்மைக்கு 316 வேண்டும். சில்லறையாக இருந்த ஒரு சிலரை ஒதுக்கிவிட்டு பான்ஸாஃப் சொன்னபடி சேர்க்கைகளை எழுதிப் பாருங்கள். ஒலிவ மரம் மற்ற மூன்றில் எதை ஒன்று சேர்த்துக்கொண்டாலும் 316-ஐத் தாண்டிவிடுகிறது. மற்ற மூன்றும் ஒலிவ மரம் இல்லாமல் வெல்ல வேண்டுமானால் மூன்றும் சேர்ந்தே ஆக வேண்டும்: 246, 59, 35 கூட்டினால் 340. இப்போது எண்ணலாம். ஒலிவ மரம் விலகினால் கவிழக்கூடிய சேர்க்கைகள் ஆறு. மற்ற ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு. மொத்தம் பன்னிரண்டில் ஒலிவ மரத்துக்குப் பாதிப் பலம். மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. 35 இடம் வைத்திருக்கும் கம்யூனிஸ்டுகளின் பலமும், 246 இடம் வைத்திருக்கும் பெர்லுஸ்கோனி அணியின் பலமும் ஒன்றுதான்.

உடனே ஒருவர் கேட்பார்: கம்யூனிஸ்டுகள் போய் பெர்லுஸ்கோனியோடு சேர்வார்களா? நல்ல கேள்வி. ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அரசியல் அறிஞர் 1970-ல் இதைத்தான் எழுப்பினார்: கொள்கையில் அடுத்தடுத்து இருப்பவர்கள்தான் சேர்ந்து ஆள முடியும், நடுவில் ஆளை விட்டுவிட்டு இரு ஓரங்கள் கைகோக்க முடியாது. ஆள்வதைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் கவிழ்ப்பதற்குக் கைகோக்கவே வேண்டாமே. ஒரே இரவில், ஒரே தீர்மானத்தில், ஆளுக்கொரு காரணத்துக்காக ‘எதிர்’ என்று போட்டால் போதும். இந்த எளிய உண்மையைப் பல கோட்பாடுகள் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

விலைப் பட்டியலையும் பார்க்க வேண்டும். வில்லியம் காம்சன் என்ற சமூகவியலாளர் 1961-ல் சொன்ன விதி ஒன்று உண்டு: கூட்டணிக் கட்சிகளுக்கு அமைச்சர் பதவிகள், அவை கொண்டுவந்த இடங்களின் விகிதத்திலேயே கிடைக்கும். பல நாடுகளின் தரவுகளில் இது வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. சிறிய கட்சிக்குக் கொசுறாகக் கொஞ்சம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். அதாவது சம்பளம் எண்ணிக்கைக்கு ஏற்ப வருகிறது; பலமோ வேறு கணக்கில் இருக்கிறது. பலத்துக்குரிய விலை பதவியாக வராதபோது, சிறிய கட்சி அதைக் கொள்கையாகக் கேட்கும். ரிஃபொந்தாட்சியோனே இன்னும் ஒரு படி மேலே போய், பதவியே வாங்காமல் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. விலகினால் இழப்பதற்கு ஓர் அமைச்சர் நாற்காலிகூட அதனிடம் இல்லை.

முதல் இரண்டு ஆண்டுகள் இந்த ஏற்பாடு தாங்கியதற்கு யூரோ காரணம். பொது நாணயத்தில் சேர வேண்டுமானால் பட்ஜெட் பற்றாக்குறையை உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வேண்டும். 1996-ல் இத்தாலியின் பற்றாக்குறை 7 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. புரோடி ‘யூரோ வரி’ என்று ஒன்றைப் போட்டு (பிறகு அதில் 60 விழுக்காட்டைத் திருப்பியும் கொடுத்தார்கள்), செலவைச் சுருக்கி, 1997-ல் அதை 2.7-க்கு இறக்கினார். அந்த ஆண்டு அக்டோபரில் ரிஃபொந்தாட்சியோனே தலைவர் ஃபவுஸ்தோ பெர்த்தினொத்தி பட்ஜெட்டை ஏற்க மாட்டேன் என்று நின்றார். புரோடி ராஜினாமாக் கடிதமே கொடுத்துவிட்டார். யூரோவைக் கெடுத்த பழி யார் தலையில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும்; வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்ற சட்ட வாக்குறுதியை வாங்கிக்கொண்டு பெர்த்தினொத்தி திரும்பினார்.

1998 மே மாதம் யூரோவில் இத்தாலியின் இடம் உறுதியானது. கூட்டணியின் மிகப் பெரிய வெற்றி அதுதான். அதைக் கட்டி வைத்திருந்த கயிறு அறுந்ததும் அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொது இலக்கு முடிந்துவிட்டால் விலகுவதற்கான பழியும் குறைந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், ‘சிக்கன பட்ஜெட்டுக்குக் கை தூக்குகிறாயே’ என்று சொந்த வாக்காளர்கள் கேட்கும் கேள்வி ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போகிறது. அக்டோபரில் அடுத்த பட்ஜெட் வந்தது. பெர்த்தினொத்தி ஆதரவை விலக்கினார். கட்சி இரண்டாகப் பிளந்தது. மூத்த தலைவர் அர்மாந்தோ கொஸ்ஸூத்தாவும் எம்.பி.க்களில் பெரும்பாலோரும் புரோடி பக்கமே நின்றார்கள். அக்டோபர் 9 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 312, எதிர்ப்பு 313.

புரோடிக்குப் பின் மாஸ்ஸிமோ தலேமா பிரதமரானார். கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வந்த முதல் இத்தாலியப் பிரதமர் அவர்தான். ஆனால் அவருக்குப் பெரும்பான்மை கொடுத்தது மையத்திலிருந்து பிடித்து வந்த சிறு குழுக்கள். 2001 தேர்தலில் லீக் பெர்லுஸ்கோனியிடம் திரும்பியிருந்தது, இடது பக்கம் சிதறியிருந்தது. முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது எழுச்சி இன்னும் சுவாரஸ்யமானது. 2005-ல் பெர்லுஸ்கோனி அரசு சட்டத்தை மாற்றியது: கீழவைத் தேர்தலில் ஒரு வாக்கு அதிகம் வாங்கிய கூட்டணிக்கும் 340 இடங்கள் உறுதி. கூட்டலுக்கு இப்படிப் பரிசு வைத்தால் யாரைத்தான் வெளியே விடத் தோன்றும்? இந்த முறை ‘ஒன்றியம்’ என்ற புதிய பெயரில் எழுந்த புரோடியின் கூட்டணி, கம்யூனிஸ்டுகள் முதல் பழைய கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள் வரை ஒரு டஜன் கட்சிகளை வாரிக்கொண்டது. எல்லோருடைய விருப்பத்தையும் எழுதி முடித்தபோது தேர்தல் அறிக்கை 281 பக்கம் வந்தது. 2006 ஏப்ரலில் கீழவையை ஏறத்தாழ 25,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்கள். அமைச்சர், துணை அமைச்சர் என்று நூறு பேருக்கு மேல் பதவியேற்றார்கள். மேலவையான செனட்டில் பரிசு மாநிலவாரியாகப் பிரிந்ததால், அங்கே 158-க்கு 156.

இரண்டு இட வித்தியாசத்தில் ஒவ்வொருவருமே ‘இல்லாவிட்டால் கவிழும்’ ஆள்தான். வாழ்நாள் உறுப்பினரான நோபல் விஞ்ஞானி ரீதா லேவி-மொந்தால்சினி, நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தவர், 97 வயதில் செனட்டுக்கு வந்து அரசுக்கு வாக்களித்தார். அறிவியல் ஆய்வுக்கான நிதி வெட்டை விலக்காவிட்டால் பட்ஜெட்டை ஆதரிக்க மாட்டேன் என்று அவர் சொன்னதும் அரசு இறங்கி வந்தது. குறியீட்டைப் பற்றி வகுப்பெடுக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2007 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்புவது உள்ளிட்ட வெளியுறவுக் கொள்கை மீது வாக்கெடுப்பு. இரு இடதுசாரி உறுப்பினர்கள் வாக்களிக்க மறுத்ததில் 160 தேவைப்பட்ட இடத்தில் 158-தான் வந்தது. புரோடி பதவி விலகிவிட்டுத் திரும்பி வந்தார்.

2008 ஜனவரியில் இடிந்தது மறு ஓரம். தேசிய அளவில் 1.4 விழுக்காடும் மூன்று செனட்டர்களும் கொண்ட மையக் கட்சியின் தலைவர் கிளெமெந்தே மஸ்தெல்லா, சட்ட அமைச்சர். அவருடைய மனைவியை ஊழல் விசாரணை ஒன்றில் வீட்டுக்காவலில் வைத்ததும் அவர் பதவி விலகினார். கட்சியையும் வெளியே இழுத்தார். ஜனவரி 24 அன்று செனட்டில் நம்பிக்கை வாக்கெடுப்பு. மஸ்தெல்லா கட்சியின் ஓர் உறுப்பினர் நூச்சோ குசுமானோ கட்சியை மீறி புரோடிக்கே வாக்களிப்பேன் என்றார். அதே கட்சியின் இன்னொரு உறுப்பினர் அவர்மேல் வசைமழை பொழிய, மயங்கி விழுந்தவரைத் தூக்குப்படுக்கையில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். 156-க்கு 161 என்று முடிவு வந்ததும் வலதுசாரி வரிசையில் ஷாம்பெய்ன் உடைந்தது. ஓர் உறுப்பினர் மொர்த்தாதெல்லா இறைச்சித் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். பொலோஞாவின் பெயர்பெற்ற பண்டமான அதுதான் புரோடிக்கு எதிரிகள் வைத்திருந்த பட்டப்பெயர்.

கவிழ்ப்பது இவ்வளவு மலிவாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டம் 67-ம் பிரிவின்படி, பிரதமரை இறக்க வேண்டுமானால் அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 1972-ல் அப்போதைய பிரதமர் பிராண்ட்டை இறக்கச் செய்த முயற்சி இரண்டு வாக்கில் தோற்றது. 1982-ல் ஷ்மிட் போய் கோல் வந்தார். வெற்றி கண்டது அந்த ஒரே முறைதான். இத்தாலியில் இப்படி ஒரு பிரிவு இருந்திருந்தால், 1998 அக்டோபரில் பெர்த்தினொத்தியும் பெர்லுஸ்கோனியும் வடக்கு லீகும் ஒரே பிரதமர் பெயரில் ஒத்துப்போக வேண்டியிருந்திருக்கும். அந்த 313 ஒரு நாளும் சேர்ந்திருக்காது.

உடைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 2007-ல் முன்னாள் கம்யூனிஸ்டுகளும் கத்தோலிக்கர்களும் ஒன்றாகி அமைத்திருந்த ஜனநாயகக் கட்சி, 2008 ஏப்ரல் தேர்தலில் இடது ஓரத்தைக் கழற்றிவிட்டுப் போட்டியிட்டது. 33 விழுக்காடு வாங்கியும் தோற்றது. மஸ்தெல்லாவின் கட்சி போட்டியிடவே இல்லை. பெர்த்தினொத்தி தலைமையில் நின்ற ‘வானவில்’ இடதுசாரிகளுக்கு 3.1 விழுக்காடு வந்தது. கீழவைக்கான குறைந்தபட்ச எல்லை 4. போருக்குப் பிந்தைய இத்தாலிய நாடாளுமன்றம் ஒரு கம்யூனிஸ்ட்கூட இல்லாமல் கூடியது அதுவே முதல் முறை. பெர்லுஸ்கோனி மீண்டும் பிரதமரானார்.