பாயிண்டர் என்றால் சுட்டி: கோப்பு இங்கேயா, அங்கேயா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் மூன்று பேர் பழைய குடும்பப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து, கோப்புகளின் மாற்றங்களைப் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும் கிட் (Git) மென்பொருளில் சேர்த்து வருகிறோம். ஒரு படம் 100 எம்பியைத் தாண்டுவது சாதாரணம், அவ்வளவு பெரிய கோப்பை, கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் நேரடியாக ஏற்காது, அதனால் 2015இல் வந்த கிட் எல்எஃப்எஸ்ஸை வைத்துத்தான் ஓட்டுகிறோம்; அது பெரிய கோப்பை வேறு கிடங்கில் வைத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு சிறிய குறிப்புக் கோப்பை விடும். போன வாரம் புதுச்சேரி முத்தியால்பேட்டைத் தம்பி ஒருவர் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, "அண்ணே, படம் எல்லாம் கெட்டுப்போச்சு, ஒவ்வொண்ணும் 130 பைட்டுதான் இருக்கு" என்று பதறிப்போய் போன் செய்தார். படங்கள் பத்திரமாக மேகக் கிடங்கில் இருந்தன. அவர் கைக்கு வந்தது பாயிண்டர் எனப்படும் அந்தக் குறிப்புக் கோப்பு மட்டும்.

பாயிண்டருக்கு வேர் லத்தீன். புங்கெரே என்றால் குத்துவது, புங்க்தும் என்றால் குத்திய இடம், அதாவது புள்ளி. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் பாயிண்ட் ஆனது.

தமிழில் இதற்குச் சுட்டி என்பதே சரியான சொல். காட்டு என்பதிலிருந்து திசைகாட்டி வருவது போல சுட்டு என்பதிலிருந்து சுட்டி. மவுஸையும் வலைப்பக்க லிங்கையும்கூடச் சிலர் சுட்டி என்று எழுதுகிறார்கள். மவுஸை எல்லோரும் மவுஸ் என்றுதான் சொல்கிறோம், லிங்குக்கு இணைப்பு இருக்கிறது, ஆகவே சுட்டியைப் பாயிண்டருக்கே விட்டுவிடலாம். குழப்பம் வரும் இடத்தில் கோப்புச் சுட்டி என்று எழுதுங்கள்.

அந்தச் சிறிய கோப்பைத் திறந்தால் மூன்றே வரிகள்: விதிமுறையின் பதிப்பு, படத்தின் எஸ்எச்ஏ-256 அடையாளம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்), பைட் அளவு. எந்தப் படம் என்று அடையாளம் சொல்லிவிடுகிறது, ஒரு பிட் மாறினாலும் அடையாளம் மாறிவிடும். ஆனால் அந்தப் படம் இந்தக் கணினியில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

நம் சுட்டெழுத்துகள் இதைத்தான் முதலில் சொல்கின்றன. இ என்றால் கிட்டே, அ என்றால் எட்ட, உ இரண்டுக்கும் நடுவே. இந்த உ நம் பக்கம் வழக்கொழிந்தாலும் யாழ்ப்பாணத்தில் உது, உவன் என்று இன்னும் பேச்சில் இருக்கிறது.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான்: கோப்புறையைத் திறந்ததும் ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் இங்கே, அங்கே என்று தெரிய வேண்டும். ஒன்டிரைவில் மேகக் குறியும் பச்சை டிக்கும் இதைத்தான் செய்கின்றன. கிட் எல்எஃப்எஸ்ஸிலும் வசதி இல்லாமல் இல்லை, எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளை கொடுத்தால் முழுக் கோப்புக்கு உடுக்குறியும் (*) வெறும் சுட்டிக்குக் கழித்தல் குறியும் (-) வரும், ஆனால் கட்டளைத் திரைப் பக்கமே போகாதவருக்கு அது எப்படித் தெரியும்? அப்புறம், படம் பார்க்கும் செயலியில் சுட்டியைத் திறந்தால் கோப்பு பழுது என்று வருகிறது. "படம் இன்னும் இறங்கவில்லை, இது சுட்டி" என்று வந்திருந்தால் தம்பி பயந்திருக்கவே மாட்டார். எல்எஃப்எஸ்ஸை நிறுவி, முழுக் கோப்புகளை இறக்கும் புல் (pull) கட்டளை கொடுக்கச் சொன்னேன், அன்று ராத்திரியே எல்லாப் படமும் இறங்கிவிட்டது.