ஸ்கேன் எடுக்கிறவரின் தோள் ஏன் வலிக்கிறது?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறவர் கையில் பிடித்திருக்கும் புரோப்பின் எடை ஏறக்குறைய ஒரு கைப்பேசியின் எடைதான். அதை வயிற்றின் மேல் வைத்து நகர்த்துவது பார்க்கிறவருக்குப் பெரிய உழைப்பாகத் தெரியாது. ஆனால் 2009-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில், இந்தத் தொழிலில் இருப்பவர்களில் 90 சதவீதம் பேர் வலியோடுதான் வேலை செய்வதாகச் சொன்னார்கள். அந்த வலி அதிகம் வரும் இடங்களில் முக்கியமானது தோள்பட்டை. பிரச்சினை புதியதும் இல்லை. 1985-லேயே இதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

புரோப் இவ்வளவு லேசாக இருக்கும்போது தோள் எதைச் சுமக்கிறது? கையைத்தான். ஒருவரின் ஒரு கை, அவர் உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. கை தொங்கிக்கொண்டிருக்கும்போது அது பாரமே இல்லை. பக்கவாட்டில் தூக்கினால்தான் கணக்கு மாறுகிறது. நீட்டிய கையின் எடை மையம் தோள் மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது; அதை இழுத்துப் பிடிக்கும் தசைகளோ மூட்டிலிருந்து சுமார் 3 செ.மீ. தூரத்தில்தான் வேலை செய்கின்றன. அதாவது 3 கிலோ கையைக் கிடைமட்டமாக நிறுத்தி வைக்க, தசைகள் 30 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. முழங்கையை மடக்கினால் சுமை குறையும். கையை உடலிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலக்காமல் இருந்தால், நீட்டிய கைக்கே அந்தச் சுமை பாதியாகிவிடும். இந்தத் துறையின் பணியிட வழிகாட்டுதல்கள் 30 டிகிரியைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் இது.

இன்னொரு காரணம் ரத்த ஓட்டம். கையைத் தூக்கும் தசைகளில் ஒன்றான சுப்ராஸ்பைனேட்டஸ், தோள்பட்டை எலும்பின் மேல்புறத்தில் ஒரு குழிக்குள் உறை போட்டதுபோல அடைபட்டிருக்கிறது. அது சுருங்கும்போது பக்கவாட்டில் விரிய இடமில்லை. உள்ளழுத்தம் சட்டென்று ஏறி, உள்ளே ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. பளு தூக்குகிறவரின் தசை சுருங்கும், உடனே தளரும். தளரும் நேரத்தில் ரத்தம் புகுந்துவிடும். ஸ்கேன் எடுக்கிறவரின் கையோ நிமிடக் கணக்கில் அசையாமல் அந்தரத்தில் நிற்கிறது. சுமை சிறியதுதான், ஆனால் தசைக்கு மூச்சுவிட இடைவெளியே கிடைப்பதில்லை.

களைத்த தசை தன் இன்னொரு வேலையிலும் கோட்டை விடுகிறது. கையெலும்பின் உருண்டைத் தலையைத் தோள் மூட்டின் கிண்ணத்தின் நடுவில் பிடித்து வைப்பதும் இந்தத் தசையும் மூட்டைச் சுற்றியுள்ள அதன் கூட்டாளித் தசைகளும்தான். பிடி தளர்ந்தால் தலை லேசாக மேலே ஏறி, மேலே கூரைபோல் இருக்கும் அக்ரோமியன் எலும்புக்கும் அதற்கும் இடையிலான, ஏறக்குறைய ஒரு செ.மீ. இடைவெளி குறைகிறது. அந்த இடுக்கில்தான் சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண் போகிறது. எலும்பில் உரசித்தான் நாண் கெடுகிறது என்று நீண்டகாலம் நம்பி, அந்த எலும்பைச் சீவும் அறுவை சிகிச்சை செய்துவந்தார்கள். 2018-இல் பிரிட்டனிலும் பின்லாந்திலும் வெளியான ஆய்வுகள், போலி அறுவை சிகிச்சையைவிட (எலும்பைச் சீவாமல், செய்ததுபோல் மட்டும் காட்டுவது) இதில் பொருட்படுத்தும்படியான பலன் இல்லை என்று காட்டின. சுமையைக் குறைப்பதுதான் முதல் வேலை என்பதற்கு இது வலு சேர்க்கிறது என்பது என் எண்ணம். (வலிக்கும் தோளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கவும் அல்ட்ராசவுண்ட்தான் எடுப்பார்கள். அதற்காகச் சக ஊழியர் ஒருவர் கையை நீட்டியாக வேண்டும்!)

சரி, எப்படிக் குறைப்பது? முதலில் நோயாளியை, ஸ்கேன் எடுக்கிறவர் இருக்கும் பக்கத்து விளிம்புக்கு நகர்ந்து படுக்கச் சொல்ல வேண்டும். சங்கடப்பட்டுப் பலரும் கேட்காமல் விடுவது இதைத்தான். ஆனால் அதிகம் பலன் தருவதும் இதுதான். பிறகு படுக்கையின் உயரத்தையும் நாற்காலியின் உயரத்தையும் சேர்த்துச் சரிசெய்து, முழங்கை விலாவை ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொள்ளலாம். முன்கைக்குக் கீழே சுருட்டிய துண்டோ நுரைத் தலையணையோ வைத்தால், கையின் எடையில் பெரும்பகுதியைப் படுக்கை தாங்கிக்கொள்ளும். திரை நேர் எதிரே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று உடம்பு முறுக்கிக்கொள்ளும். தொங்கும் ஒயரும் புரோப்பைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதை முன்கையில் ஒரு பட்டையால் பிடித்து வைக்கலாம்.

அழுத்தம் தனிக் கதை. உடல் பருமனான நோயாளியிடம் படம் தெளியாதபோது கை தானாகவே இன்னும் அழுத்தும். அதற்கு முன் குறைந்த அதிர்வெண் புரோப்புக்கு மாறிப் பார்க்கலாம். அந்த ஒலி அலை ஆழமாகப் போகும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதும் பல நேரம் அழுத்தத்தைவிட நல்ல படம் தரும். அப்படியும் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே அறிக்கையில் எழுதிவிடலாம். புரோப்பை விரல் நுனிகளால் இறுக்கிக் கிள்ளாமல் உள்ளங்கை முழுவதும் படும்படி பிடித்தால் முன்கையும் பிழைக்கும்.

இதய ஸ்கேனில் சிக்கல் கூடுதல். வலது கையால் எடுப்பவர்கள், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்த நோயாளியின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, அவர் உடம்பைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் நெஞ்சைத் தொட வேண்டியிருக்கிறது. மறுபக்கம் உட்கார்ந்து இடது கையால் எடுத்தால் அந்த எட்டல் மிச்சம். பழக நாளாகும் என்பதால், பயிற்சிக் காலத்திலேயே இரண்டு கைக்கும் பழக்கிவிடுவது நல்லது.

ஒரு சின்னப் பழக்கத்தை மட்டும் இன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். படத்தை ஃப்ரீஸ் செய்துவிட்டு அளவெடுக்கும்போதும் பலர் புரோப்பை நோயாளி மேலேயே பிடித்திருக்கிறார்கள். அந்தச் சில விநாடிகளுக்குக் கையை இறக்கிவிட்டால், நசுங்கியிருந்த தசைக்கு ரத்தம் திரும்பும். ஒரே மாதிரி ஸ்கேன்களை வரிசையாகப் போடாமல் கலந்து போடுவது பணி அட்டவணை எழுதுகிறவரின் கையில் இருக்கிறது. தோளையும் முதுகையும் பலப்படுத்தும் உடற்பயிற்சி உதவும். ஆனால் உயரம் மாற்ற முடியாத படுக்கைக்கு அது ஈடாகாது. இரவில் அந்தத் தோள் பக்கம் படுக்க முடியவில்லை, தலை சீவக் கை தூக்கினால் வலிக்கிறது என்றால், விடுமுறை வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.