எம்சிபி இருந்தால் ஷாக் அடிக்காதா?

எம்சிபி, ஆர்சிசிபி, இஎல்சிபி, எம்சிசிபி, ஏசிபி, விசிபி. எல்லாவற்றின் வாலிலும் 'சிபி' நிற்பதால் ஒன்றிருந்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சிபி என்றால் சர்க்யூட் பிரேக்கர். இணைப்பைத் துண்டிக்கும், அவ்வளவுதான். எதைக் கண்டு துண்டிக்கும் என்பதுதான் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எம்சிபி காப்பது வயரை, ஆளை அல்ல. ஓவர்லோடு நீடித்தால் உள்ளிருக்கும் இரட்டை உலோகத் தகடு சூடேறி வளைந்து டிரிப் செய்யும், அதாவது எம்சிபி 'விழுந்து' இணைப்பு துண்டாகும். ஷார்ட் சர்க்யூட் என்றால் காந்தச் சுருள் நொடியில் இழுத்துவிடும். 16 ஆம்பியர் எம்சிபி, 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்கும்படியே செய்யப்படுகிறது. மனித உடலில் 0.1 ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம். அந்த அளவு எம்சிபிக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த வேலைக்குத்தான் ஆர்சிசிபி. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று ஒப்பிடும். திரும்பாத அளவுதான் கசிவு. அது 30 மில்லியாம்பியரை எட்டினால் அதிகபட்சம் 0.3 நொடியில் விழ வேண்டும். 100, 300 மில்லியாம்பியர் ரகங்களும் உண்டு. அவை தீத்தடுப்புக்கு, ஆளைக் காக்க அவற்றை நம்பக்கூடாது. பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒரே நேரத்தில் தொட்டு, உடல் வழியே மண்ணுக்குக் கசிவு இல்லையென்றால் ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். ஓவர்லோடும் அதற்குத் தெரியாது. ஆகவே எம்சிபியும் கூடவே வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்வது ஆர்சிபிஓ.

இஎல்சிபி பழைய தலைமுறை. எர்த் வயரே அதன் ஊடாகத்தான் ஓடும். கசிவு வேறு வழியாக, உதாரணமாக இரும்புக் குழாய் வழியாக, மண்ணுக்குப் போனால் அதற்குத் தெரியாது. இன்றும் பலர் ஆர்சிசிபியையே இஎல்சிபி என்கிறார்கள். வாங்கும்போது பெயரைக் கேட்காமல், மேலே 0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லியாம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

எம்சிசிபியும் ஏசிபியும் பெரிய கரண்டுக்கு உரியவை, விசிபி உயர் மின்னழுத்தத்துக்கு. பிசிபி மட்டும் இந்தக் குடும்பமே இல்லை: எலக்ட்ரானிக்ஸில் அது சர்க்யூட் போர்டு, பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் அதே எழுத்துகள் ஒரு நச்சு வேதிப்பொருள்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதென்று அதை பைபாஸ் செய்வதுதான் நாம் பார்ப்பதிலேயே மோசமான வேலை. பல நேரங்களில் காரணம் நியூட்ரல்: ஆர்சிசிபிக்குப் பின் அது எர்த்தைத் தொட்டிருக்கும், அல்லது வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்திருக்கும். எல்லா எம்சிபியையும் இறக்கியும் விழுகிறதா? சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும், எனவே கோளாறு அதில் இருக்கலாம். எலக்ட்ரீசியன் மெயினை அணைத்து, நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி இன்சுலேஷன் சோதித்தால் கோளாறுள்ள லைன் தெரிந்துவிடும்.

ஆர்சிசிபியில் உள்ள 'டி' (டெஸ்ட்) பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் ஆர்சிசிபியை மாற்றுங்கள். விழுந்தால் அதன் இயங்குமுறை சரி என்றுதான் அர்த்தம். எர்த்திங் சரியா என்பதைத் தனியே அளக்க வேண்டும்.