ஒரே கொசுவில் இரண்டு வைரஸ் கலக்குமா?

மொரிசியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டெங்கு ஏற்கெனவே இருக்கிறது, சிக்குன்குனியாவும் திரும்பி வந்துவிட்டது. இரண்டும் ஒரே கொசுவுக்குள் போய்க் கலந்து புதிதாக ஒன்று கிளம்பிவிடாதா?" 2025இல் அண்டைத் தீவான ரீயூனியன் சிக்குன்குனியாவால் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் வருவது நியாயம்தான்.

ஒரே கொசுவில் இரண்டும் இருக்கலாம். ரீயூனியனின் புலிக்கொசுக்களுக்கு ஆய்வகத்தில் இரண்டு வைரஸ்களையும் ஊட்டிப் பார்த்தார்கள். கொசுவின் உமிழ்நீரில் இரண்டுமே உயிர்ப்போடு வந்தன. 2010இல் அந்த முடிவு வெளியானது. நம் மொரிசியஸில் பூந்தொட்டித் தட்டில் முட்டையிடுவதும் அதே கொசுதான். ஆனால் கூட இருப்பது வேறு, கலப்பது வேறு.

இந்த வைரஸ்களின் மரபுச்செய்தி ஒற்றை ஆர்என்ஏ இழை. சிக்குன்குனியாவுக்குச் சுமார் 11,800 எழுத்துகள். பாலிமரேஸ் என்ற நொதி அதை எழுத்தெழுத்தாகப் படியெடுத்துக்கொண்டே போகும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். இழை மடிந்து சிக்கிக் கிடக்கும் இடத்தில் நொதி தயங்கும். சில நேரம் மூல இழையிலிருந்து பிடி நழுவிவிடும். ஆனால் பாதி எழுதிய புது இழையை மட்டும் விடாது. அந்தப் பாதி இழையின் நுனி, பக்கத்தில் கிடக்கும் வேறொரு ஆர்என்ஏவில் தனக்குப் பொருந்தும் எழுத்துகளைக் கண்டால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். நொதி அங்கிருந்து மீதியை எழுதும். கோயிலில் இரண்டு நோட்டுகளை விரித்துவைத்துப் பதிகம் படியெடுக்கிறார் ஒருவர். இரண்டிலும் ஈற்றடி ஏறக்குறைய ஒன்றுதான். யாரோ கூப்பிட, நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிகிறார். கண் மற்ற நோட்டின் ஈற்றடியில் விழுகிறது. அப்புறம் அதையே எழுதிக்கொண்டு போகிறார், சந்தேகமே வராமல்.

வட அமெரிக்காவின் மேற்குக் குதிரை மூளைக்காய்ச்சல் வைரஸ் இப்படிப் பிறந்ததுதான். 1988இல் எழுத்துகளை ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது: வெளியுறைப் புரதங்கள் அதே குடும்பத்துச் சிண்ட்பிஸ் வைரஸின் உறவு ஒன்றிடமிருந்து வந்தவை, மற்றதெல்லாம் பெரும்பாலும் கிழக்குக் குதிரை மூளைக்காய்ச்சல் வைரஸுடையது.

சரி, டெங்கும் சிக்குன்குனியாவும்? தாவ வேண்டுமென்றால் ஒத்த அடி வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். ஒரே உயிரணுவுக்குள் புகுந்தாலும் சிக்குன்குனியா பெரும்பாலும் வெளிச்சவ்வில் சிறு பைகளை உண்டாக்கிக்கொண்டு படியெடுக்கும், டெங்கு உள்ளே இருக்கும் சவ்வு மடிப்புகளில். ஆகவே வாசகி நிம்மதியாகத் தூங்கலாம், கொசுவலைக்குள்.

நான் பயப்படுவது கலப்பைப் பார்த்து அல்ல. 2005-06இல் ரீயூனியன் மக்களில் மூன்றில் ஒருவரைப் படுக்கவைத்த சிக்குன்குனியா யாரோடும் கலக்கவில்லை. ஈ1 என்ற உறைப்புரதத்தின் 226ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வாலின் என்ற இன்னொன்று வந்தது. ஒரே ஓர் எழுத்துப் பிழை. அது போதும், புலிக்கொசுவின் குடலில் வைரஸ் சுலபமாகத் தொற்றிக்கொண்டது. தொடக்கத்தில் எடுத்த மாதிரிகளில் இந்த மாற்றம் இல்லை. 2005 செப்டம்பருக்குப் பிறகு எடுத்தவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இருந்தது. ஆரம்பத்திலேயே யாரோ இரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. புகையடிக்க உடனே கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு, நோயே இல்லாத குளிர்மாதங்களில் கொசு பிடித்துப் பரிசோதிக்கவும் கிடைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.