நூதனசாலையில் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள்

திருகோணமலையில் ஆரம்பப்பிரிவு ஆசிரியையாக நான் முதன்முதலில் நடத்திய நூதனசாலைப் பயணத்தை இன்றும் சற்று வெட்கத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறேன். தரம் 4 பிள்ளைகள் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தனர். ஆளுக்கொரு கொப்பி கொடுத்து, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியருகிலும் இருந்த குறிப்பைப் பார்த்தெழுதச் சொல்லி, ஒன்றரை மணித்தியாலத்தில் அனைத்தையும் முடித்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது அதிகமான கைகள் உயர்ந்தது வாசலில் நின்ற ஐஸ்பழ வண்டிக்குத்தான்.

பிழை பிள்ளைகளுடையதன்று. குறிப்பை எழுதும் பிள்ளை பொருளைப் பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இருப்பதில்லை. இதையே இப்போது பெற்றோரும் செய்வதைக் காண்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் பிள்ளையை அழைத்து வந்து, ஒவ்வொரு பொருளின் முன்னும் நிறுத்தி ஆண்டைக் கேட்டு, சரியாகச் சொன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு நூதனசாலையும் இன்னொரு ரியூஷன் வகுப்பாகிவிடுகிறது.

சிறிய நூதனசாலையாயினும் அகலக்கால் வைக்க வேண்டாம் என்பதே என் அனுபவம். மூன்று பொருட்கள் போதும்; அவற்றில் ஒன்றையாவது பிள்ளையே தெரிவுசெய்யட்டும். ஒருமுறை பழைய நங்கூரம் ஒன்றின் முன் மீன்பிடிக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் அசையாமல் நின்றுவிட்டான். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை அவன். அழைக்கப் போன நான், நல்லவேளையாக அழைக்காமல் அருகில் போய் நின்றேன். "ரீச்சர், இந்த வளையம் ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கு. சங்கிலி அந்தப் பக்கமாத்தான் இழுத்திருக்கு" என்றான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கும் அந்தத் தேய்வு தெரிந்தது. நங்கூரம் எப்படிக் கடலடிப் பாரில் (பாறைத் திட்டில்) சிக்கும், எப்படி விடுவிப்பார்கள் என்று அவன் விளக்கத் தொடங்க, மற்றப் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவனைச் சுற்றி நின்றார்கள்.

ஆண்டுகளைச் சொல்லவே கூடாது என்பதில்லை. ஓர் ஆண்டை எடுத்து அதைத் திறந்து காட்ட வேண்டும். நான் பெரும்பாலும் 1782ஐத் தெரிவுசெய்வேன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் திருகோணமலை ஒல்லாந்தர் கையில் இருந்தது. ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுக்காரர் அவர்களிடமிருந்து பறித்தனர். ஒரே ஆண்டில் மூன்று கொடிகள் என்றதும், ஏன் இவ்வளவு சண்டை என்று பிள்ளைகளே கேட்பார்கள். விடை நூதனசாலைக்கு வெளியே கிடக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் இந்தியாவின் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் பாதுகாப்பாக ஒதுங்க நல்ல இடம் இல்லாதிருந்தபோது, ஆழமும் மறைவும் கொண்ட நமது துறைமுகம் அவர்களுக்குக் கிடைத்தற்கரிய புகலிடமாக இருந்தது. உட்துறைமுக வீதியில் பத்து நிமிடம் நின்று தண்ணீரையும் சுற்றியுள்ள மலைகளையும் காட்டினால், வரைபடம்கூடத் தேவையில்லை.

இன்னொன்றையும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். நமது ஊரின் வரலாறு வீட்டுக்கு வீடு வேறு வேறு விதமாகச் சொல்லப்படுவது. நூதனசாலையில் அதை உரத்த குரலில் தீர்ப்பாகச் சொல்லிவிடுகிறோம், பக்கத்தில் வேறு வீட்டுப் பிள்ளையும் நிற்கிறது என்பதை மறந்து. ஆகவே என் வகுப்பில் "சொல்கிறார்கள்", "கிடைத்தது" என்ற இரண்டு சொற்களை நான் கண்டிப்பாகப் பிரித்து வைத்திருக்கிறேன். கோணேசர் கோயிலைக் குளக்கோட்டன் என்ற மன்னன் திருப்பணி செய்தான் என்பது "சொல்கிறார்கள்". 1950இல் கிணறு வெட்டியவர்கள் மண்ணுக்கடியில் அக்கோயிலின் பழைய செப்புத்திருமேனிகளைக் கண்டெடுத்தார்கள் என்பது "கிடைத்தது". எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு நன்றாகவே விளங்குகிறது. விடை தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லிவிடுவதில் எனக்கு இப்போது கூச்சமும் இல்லை.

ஓகஸ்ட் விடுமுறையில் செல்வோர் கச்சான் எனும் வெப்பக் காற்றை மறக்க வேண்டாம்: காலையிலேயே செல்லுங்கள், தண்ணீர் கொடுத்துவிடுங்கள், திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

நூதனசாலையிலிருந்து நேரே வீடு திரும்பாமல், பிரெடரிக் கோட்டை வாசலுக்கும் ஒருமுறை போங்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டினார்கள். அந்தக் கற்களில் ஒன்று, இரட்டைக் கயல்களும் தமிழ் எழுத்துகளும் பொறித்தபடி, வாசல் நிலையில் இன்றும் இருக்கிறது. வரிகளின் முதலெழுத்துகள் சிதைந்துவிட்டதால் அறிஞர்கள் ஊகித்துத்தான் வாசித்தார்கள். பெரியவர்கள் அதை வாசித்துச் சொல்லாமல் இருப்பது நல்லது. தொடக்கத்தில் "ன்னே" என்று மட்டும் எஞ்சியிருப்பதைக் காட்டி, முன்னால் எந்த எழுத்து இருந்திருக்கும் என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். சென்ற தடவை ஒரு சிறுமி "என்னே" என்றாள், இன்னொருத்தி "பொன்னே" என்றாள், மூன்றாமவள் நெடுநேரம் யோசித்து, விரலால் காற்றில் "மு" என்று எழுதிப் பார்த்தாள். அதன் பிறகு மூவரும் கோட்டைக்குள் நின்ற மான்களைப் பார்க்க ஓடிவிட்டார்கள். அதற்கும் அரை மணித்தியாலம் ஒதுக்கி வையுங்கள்.