கரி உப்பை எடுக்காதுங்க!

கரியில் வடிகட்டிய தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுவந்ததில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். நொய்யல் கரையோரத் தோட்டக்காரர், எழுபது வயதிருக்கும். எங்கள் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வக மேசையில் இரண்டு பாட்டில்களை வைத்தார். ஒன்றில் பழுப்பேறிய கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் பளிங்கு மாதிரித் தண்ணீர். "தேங்காய்த் தொட்டிக் கரி போட்டு டிரம்முல வடிகட்டினேன் அம்மிணி. எப்படித் தெளிஞ்சிருக்குது பாரு! பேரன் குடிக்கலாமில்ல?"

மீட்டரை விட்டேன். பழுப்புத் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு வகைகளின் அளவு, 3,480 மில்லிகிராம். தெளிந்தது 3,610. அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கரியைக் கழுவாமல் போட்டிருக்கிறார், அதிலிருந்த சாம்பல் கரைந்து கொஞ்சம் ஏறிவிட்டது. அது போகட்டும். ஏன் குறையவில்லை என்பதுதான் விஷயம்.

உயிர்க்கரி, அதாவது தோட்டத்துக் கழிவைக் காற்றை அடைத்துச் சுட்டு எடுக்கும் கரி, உப்பை எடுக்காது. தொட்டிக் கரி, கருவேலங்கரி, கடலைத்தோல் கரி, நெல் உமிக் கரி எதுவும் எடுக்காது. நம்பிக்கை இல்லையா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் உப்பைக் கரையுங்கள். சுத்தமான கரியைக் கைப்பிடி போட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி நாக்கில் ஒரு சொட்டு வையுங்கள். அப்படியே கரிக்கும். டிரம்மை இரண்டாக்கினாலும் மூன்றாக்கினாலும் கரிக்கும்.

நம் திருப்பூர்ப் பக்கத்துத் தண்ணீரில் சாயமும் உப்பும் ஜோடியாகத்தான் வந்தன. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் உப்பைக் கொட்டியாக வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் நமக்குக் கண்ணில் பட்ட குற்றவாளி நிறம்தான். நிறம் போனால் கெடுதல் போனது என்று மனதில் பதிந்துவிட்டது. குடிநீருக்கு டி.டி.எஸ். 500 வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. இது இந்தியத் தர அளவு.

அப்புறம் அந்த வீடியோக்கள்! நீலத் தண்ணீரில் கரி போட்டுக் குலுக்கினால் நீலம் காணாமல் போகும். அது பெரும்பாலும் மெத்திலீன் நீலம் என்ற சாயம். நேர்மின்னூட்டம் கொண்டது, கரியைக் கண்டாலே ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் பருத்திக்குப் போடும் சாயம் எதிர்மின்னூட்டம் கொண்டது, அதே கரியிடம் அவ்வளவு சுலபமாகச் சிக்காது. ஃபுளோரைடும் அந்த ரகம்தான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் வெறுங்கரியை நம்பி உட்கார வேண்டாம். இரும்போ அலுமினியமோ ஏற்றிய கரி என்றால் கதை வேறு, அது டிரம் வேலை இல்லை.

கரியைத் திட்டுவதாக நினைக்காதீர்கள். காற்றை அடைத்து, 500 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்ட கரி துர்நாற்றத்தையும் பூச்சிமருந்து எச்சத்தையும் ஓரளவு பிடிக்கும். ஈயம், செம்பு போன்ற உலோகங்களையும் பிடிக்கும். வீணாய்க் கிடக்கும் பருத்திமாறுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. குடிக்க அல்ல, கழிவுநீரை முதல்கட்டமாகச் சுத்தப்படுத்த.

செய்கிறவர்கள் கேளுங்கள். பெயின்ட் அடித்த கதவு, பிளைவுட், பழைய மரச்சாமான் எதையும் சுடாதீர்கள். அதிலுள்ள விஷம் கரியோடு தண்ணீருக்குள் வரும். கையில் தார் பிசுபிசுத்தால், புகைநாற்றம் அடித்தால் கரி சரியாக வேகவில்லை, தூக்கிப் போடுங்கள். தண்ணீர் தெளிவாக இறங்கும்வரை கரியைக் கழுவுங்கள். கரி கிருமியைக் கொல்லாது. நாளானால் கிருமிக்கு அதுவே வீடு. சாயமும் உலோகமும் குடித்த கரியைத் தயவுசெய்து தென்னைக்குப் போடாதீர்கள். தோட்டத்துக் கழிவில் செய்ததுதானே என்று அதைத் தோட்டத்துக்கே கொடுக்கிறார்கள், இதை எத்தனை முறை சொல்வது?

பரிசோதனைக்கு வந்தால் வடிகட்டும் முன் ஒரு பாட்டில், பின் ஒரு பாட்டில், இரண்டும் எடுத்து வாருங்கள். அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். பழைய ஜூஸ் பாட்டில் வேண்டாம்.