ரிமோட் பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியராகப் போகிறீர்களா? ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரை முதலில் கவனியுங்கள்

ஆஸ்திரேலியாவில் ஆசிரியர் பட்டம் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐ.டி., கணக்கியல் என்று வேறு வேலை பார்த்துவிட்டு, இங்கே வந்து மாஸ்டர் ஆஃப் டீச்சிங்கில் சேருகிற நம்ம ஆட்களை முக்கியமாக மனதில் வைத்து எழுதுகிறேன். பயிற்சி ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புவதும், அவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. நான் இருப்பது நார்தர்ன் டெரிட்டரி. அதனால் அந்தப் பள்ளிகளில் பல, தார் ரோடு முடிந்த பிறகும் நெடுந்தூரம் செம்மண் பாதையில் போக வேண்டிய பூர்வகுடி கம்யூனிட்டிகளில் இருக்கின்றன.

இளநிலைப் பட்டம் என்றால் குறைந்தது 80 நாள், முதுநிலை என்றால் 60 நாள் வகுப்பறைப் பயிற்சி கட்டாயம். எல்லாரும் சுருக்கமாக ‘ப்ராக்’ என்பார்கள். அதில் ஒரு பகுதியை ரிமோட் பள்ளியில் செய்ய ஆர்வமாகக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. பின்னால் அங்கே வேலை சுலபமாகக் கிடைக்கும், வீடும் தருவார்கள், பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கணக்குக்கு உதவும், நாட்டின் உள்பகுதியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று காரணங்கள் பல. எதிலும் குற்றமில்லை. எனக்குக் கவலை தருவது இன்னொரு காரணம்தான்: ‘பாவம் அந்தப் பிள்ளைகள், நாம் போய் ஏதாவது செய்யணும்.’ இப்படி நினைத்து வருகிறவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, “அக்கா, பிள்ளைங்க என் முகத்தைக்கூட பார்க்க மாட்டேங்கிறாங்க” என்று அழுகிறார்கள்.

அங்கே ஒரு வகுப்பறை பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முன்னால் நிற்கிற ஆசிரியர் மெல்போர்னில் இருந்தோ அடிலெய்டில் இருந்தோ வந்தவர். வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கலாம், அடுத்த வருஷம் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. ஓரத்தில், பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில், நாலைந்து பேரைச் சுற்றி வைத்துக்கொண்டு ஒரு அம்மா இருப்பார். அவர்தான் அசிஸ்டென்ட் டீச்சர். அதே ஊர்க்காரர். எத்தனையோ ஆசிரியர்கள் வந்து போனதைப் பார்த்தவர், இப்போது அந்த வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோரும் ஒருகாலத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்களாக இருக்கலாம். எந்தப் பிள்ளை நேற்று ராத்திரி எந்த வீட்டில் தூங்கியது, யாருக்கு யாரோடு பேசக்கூடாத உறவு, எது வெட்கம், எது கோபம் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் நம்ம பயிற்சி ஆசிரியர் அவரை என்ன செய்யச் சொல்கிறார்? நகல் எடுத்து வரச் சொல்கிறார், சத்தம் போடுகிற பையனை வெளியே கூட்டிப்போகச் சொல்கிறார். உங்களுக்கு மதிப்பெண் போடுபவர் முன்னால் நிற்கிற, பட்டம் வாங்கிய வழிகாட்டி ஆசிரியர்தான் (மென்டர்), சரி. ஆனால் அந்த அறையில் கற்பிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால், என் பதில் அந்தச் சின்ன நாற்காலி.

இது ஏதோ என் சொந்த உணர்ச்சி என்று நினைக்காதீர்கள். டெரிட்டரியின் வடகிழக்கில் இருக்கிற ஆர்ன்ஹெம் லேண்டின் யிர்க்காலாவில் மாண்டாவுய் யூனுபிங்கு (யோத்து யிண்டி இசைக்குழுவின் பாடகராகத்தான் வெளியே பலருக்கும் தெரியும்) 1988-இல் பட்டம் வாங்கினார், அந்தப் பகுதிப் பூர்வகுடிகளில் முதல் பட்டதாரி அவர். 1990-இல் தன் ஊர்ப் பள்ளிக்கே முதல்வரானார். யொல்ங்கு (அந்தப் பகுதிப் பூர்வகுடிகள்) அறிவும் வெள்ளைக்காரர் அறிவும் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்ந்து ஓட வேண்டும் என்ற இருவழிக் கல்வியை அந்த மக்களே வகுத்துக்காட்டினார்கள். நார்தர்ன் டெரிட்டரியில் தாய்மொழியோடு சேர்த்துக் கற்பிக்கும் இருமொழித் திட்டம் 1973-இலேயே தொடங்கிவிட்டது. பாலைவனப் பக்கத்து யுவெண்டுமு, லஜமானு பள்ளிகளில் அந்த ஊர் மக்களின் வார்ல்பிரி மொழியில் பாடப் புத்தகங்கள் அச்சாகின. அப்புறம் 2008-இல் அரசு, தினமும் முதல் நாலு மணி நேரம் ஆங்கிலத்தில்தான் பாடம் என்று அறிவித்தது. அந்த உத்தரவு பின்னால் தளர்ந்தாலும், சில பள்ளிகளில் அறுந்துபோன நூல் இன்னும் முழுதாக ஒட்டவில்லை. நீங்கள் உற்சாகமாக ஒரு ஆங்கிலப் பாடத்திட்டத்தை நீட்டும்போது அசிஸ்டென்ட் டீச்சர் பேசாமல் தலையாட்டுகிறார் என்றால், அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மொழி விஷயத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. இந்த மொழிகள் பலவற்றில் ன-வும் ண-வும் வேறு, ல-வும் ள-வும் வேறு. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஆசிரியர்களுக்கு அது காதிலேயே விழாது, நமக்கு விழும். ‘ங’வில் தொடங்கும் சொற்களை நாம் இலக்கணப் புத்தகத்தோடு விட்டுவிட்டோம், அங்கே அவை அன்றாடப் பேச்சு. வார்ல்பிரி போன்ற மொழிகளில் ப என்ற ஒலி மெலிந்து வந்தாலும் வலிந்து வந்தாலும் சொல் மாறாது, தமிழில் ஒரே ‘ப’ இரண்டுக்கும் நிற்பதைப் போல. அதனால் ஆங்கிலத்தின் p, b இரண்டையும் ஒரு பிள்ளை மாற்றி எழுதினால் அது மந்தபுத்தி இல்லை, அந்தத் தடுமாற்றம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். (உடனே இதை வைத்துக்கொண்டு குமரிக்கண்டம் வரைக்கும் போய்விடாதீர்கள். அந்த மக்களிடம் போய் ‘நாமெல்லாம் ஒரே இனம்’ என்று ஆரம்பித்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், கேட்டவர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள்.) கேத்தரின் பக்கம் போனால் கிரியோல் பேசுவார்கள். அது உடைந்த ஆங்கிலம் இல்லை, தனி மொழி, பிழை திருத்தப் போகாதீர்கள். மானிங்ரிடா மாதிரி ஊரில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகள் புழங்குகின்றன, பிள்ளைகளில் பலர் மூன்று நான்கு மொழி பேசுவார்கள். ஆங்கிலம் அவர்களுக்குப் பெரும்பாலும் பள்ளியில் கேட்கிற மொழி.

கேட்கிற மொழி என்று சொல்லும்போது காது நோயைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி வகுப்பில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகிற விஷயம் இது, அங்கே போனால் தினமும் எதிரில் நிற்கும். நடுக்காதில் நாள்பட்டுச் சீழ் பிடிப்பது ஒரு சமூகத்துப் பிள்ளைகளில் 4 சதவீதத்தைத் தாண்டினாலே அவசர நடவடிக்கை தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரிமோட் பூர்வகுடி கம்யூனிட்டிகள் பலவற்றில் அந்த எல்லை எப்போதோ தாண்டியாகிவிட்டது. நெரிசலான வீடு, அடிக்கடி வரும் சளி, எட்டாத மருத்துவம் எல்லாம் சேர்ந்து குழந்தைப் பருவத்திலேயே காது அடைத்துப்போகிறது. நீங்கள் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை உங்களை மதிக்காத பிள்ளை என்று முடிவுகட்டும் முன், அதற்குக் கேட்டதா என்று பாருங்கள். வகுப்பில் ஒலிபெருக்கி இருந்தால் மைக்கை மாட்டுங்கள், வெட்கப்பட வேண்டாம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். பாலைவனப் பகுதி மக்களுக்கு வளமான சைகை மொழி உண்டு, பிள்ளைகள் அதைச் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துவார்கள். நாலு சைகை கற்றுத்தரச் சொல்லி அசிஸ்டென்ட் டீச்சரைக் கேளுங்கள். அந்த ஒரு வேண்டுகோளிலேயே உங்கள் இருவருக்கும் இடையே பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

உறவுமுறை நமக்கு ஓரளவு பிடிபடும். அம்மாவின் அக்கா தங்கையும் அம்மா, அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பா என்பதை நமக்கு யாரும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. ஆனால் தவிர்ப்பு உறவுகள் நாம் நினைப்பதைவிட மிகக் கறாரானவை. மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. யொல்ங்கு மக்களிடம் வளர்ந்த அண்ணன் தங்கை ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதில்லை. நீங்கள் பாட்டுக்கு வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து இரண்டு பேரை ஜோடி சேர்ப்பீர்கள், அவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அதை அறிக்கையில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவீர்கள். உட்காரும் இடத்தை முடிவுசெய்யும் முன் ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் போதும்.

சாவு விழுந்தால் ஊர் நின்றுவிடும். பள்ளியில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள், சில நாள் பள்ளியே திறக்காது, இறந்தவரின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், அதே பெயர் உள்ள பிள்ளையை வேறு பெயரில் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவை வைத்துக் குடும்பங்களை எடைபோடும் பழக்கம் நகரத்து அலுவலகங்களில் இருக்கிறது, அதை நீங்களும் சுமந்துகொண்டு போகாதீர்கள். உங்கள் பயிற்சி நாள் கணக்கு இடிக்கிறது என்றால் பல்கலைக்கழகத்தோடு பேசுங்கள், அது ஊர்க்காரர்கள் பிரச்சினை இல்லை.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓக்கர் கார்டு (பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) இல்லாமல் டெரிட்டரியில் எந்தப் பிள்ளையோடும் வேலை செய்ய முடியாது, சீக்கிரம் விண்ணப்பியுங்கள். 1976-ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டப்படி இந்த ஊர்கள் பலவும் அந்த மக்களுக்குச் சொந்தமான நிலம், அனுமதிச் சீட்டு வேண்டும். பல ஊர்களில் மதுவுக்குத் தடை, ஒரு பீர் டின்கூட வண்டியில் இருக்கக்கூடாது. மழைக்காலத்தில் வடக்கே ரோடு மூழ்கிவிடும், சின்ன விமானமும் சரக்குப் படகும்தான். ஊர்க்கடையில் விலை நகரத்தைவிட ரொம்ப அதிகம், அரிசி பருப்பு மசாலா எல்லாம் கையோடு கொண்டு போங்கள். டெல்ஸ்ட்ரா சிம் இல்லாவிட்டால் வீட்டுக்குப் பேசுவது கஷ்டம். 2025 ஜூலையில் இருந்து பயிற்சிக் காலத்துக்கு மத்திய அரசு வாரம் சுமார் 330 டாலர் தருகிறது, ஆனால் வருமான வரம்பு உண்டு, சர்வதேச மாணவர்களுக்குக் கிடையாது. பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பில் பயிற்சிக்கு வந்தவர் அப்படிச் செய்தால் விடுவீர்களா?

பல்கலைக்கழகங்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒரு ஆளை இறக்கிவிட்டு, ‘ரிமோட் அனுபவம்’ என்று சான்றிதழில் எழுதுவதால் அந்தப் பள்ளிக்கு என்ன லாபம் என்று யாரும் கேட்பதில்லை. இருக்கிற ஓரிரு ஆசிரியர்களின் நேரம்தான் போகிறது. அசிஸ்டென்ட் டீச்சர்களையே அவர்கள் ஊரில் இருந்தபடி பட்டம் படிக்கவைக்கும் ‘க்ரோயிங் அவர் ஓன்’ திட்டம், சார்ல்ஸ் டார்வின் பல்கலைக்கழகமும் கத்தோலிக்கக் கல்வி அலுவலகமும் சேர்ந்து 2009-இல் தொடங்கியது. அதற்குப் போகும் பணமும் கவனமும் இன்னும் பல மடங்காக வேண்டும் என்பது என் கருத்து. அதுவரைக்கும், வெளியில் இருந்து போகிறவர்களாவது இரண்டு விஷயத்தைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, உங்களைப் பற்றிய அறிக்கையில் அசிஸ்டென்ட் டீச்சரின் கருத்துக்கும் இடம், அவருடைய அந்த நேரத்துக்குச் சம்பளம். இன்னொன்று, முதல் வாரம் பாடம் எடுக்காமல் அவர் பக்கத்தில் உட்கார அனுமதி.

அப்புறம், கிளம்பும் நாளைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். நீங்கள் செய்த படப் புத்தகம், எழுத்து அட்டை, விளையாட்டு எதையும் பெட்டியில் கட்டாமல், கோப்புகளையும் பென்டிரைவில் போட்டு, அசிஸ்டென்ட் டீச்சரிடமே கொடுங்கள். அடுத்த டெர்மில் வேறொரு பயிற்சி ஆசிரியர் வரும்போது அந்தப் பாடங்களை அங்கே நடத்திக்கொண்டிருக்கப்போவது அவர்தான்.